இரண்டாம் சாட்சி

“நீயும் உள்ள வா யசோ. நீதான் ரெண்டாம் சாட்சி.”

காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அலுவலக வாசலில் வான் வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் ரதீஸ் அதைச் சொன்னான். தாயின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்த தங்கை யசோதினி அப்படியே நின்றுவிட்டாள்.

“நானா?”

“ஓம், நீதான். நாளைக்கு ஒண்டும் தெரியாதெண்டு நீ கோட்டில வழக்குப் போடக்கூடா பாரு. சாட்சி வெச்சிட்டா மறுகா வாய் திறக்க ஏலா.”

அநியாயம் செய்வதிலும் ரதீஸ் வெகு ஒழுங்கு. குருக்கள்மடத்தில் வாவிக்கரையோடு இருக்கும் அந்த வீடு தாய் புஸ்பத்தின் பேரில் இருந்தது. யசோதினியின் கலியாணத்தன்றே ‘வீடு மகளுக்கு’ என்று நாலு பேர் முன்னால் சொல்லியாயிற்று. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். யாரும் அதை மாற்றிப் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் உறுதிப் பத்திரம் எழுதுவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம். புஸ்பமும் அப்படித்தான் விட்டுவிட்டாள்.

ரதீஸ் மனைவி வீட்டில் வசதியாகத்தான் இருந்தான். வாவியைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கியதும், அந்த வீட்டு வளவில் அறைகள் கட்டி வாடகைக்கு விடும் ஆசை அவன் தலைக்கு ஏறிவிட்டது.

“வீட்ட எனக்கு எழுதாட்டி உனக்குக் கொள்ளி வைக்க வரமாட்டன்” என்று தாயிடம் சொன்னான். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது? புஸ்பம் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். பிறகு எழும்பி, “சரி மகன், நொத்தாரிசுட்டக் கூட்டிப் போ” என்றாள். போன கிழமை அவனே கூட்டிப் போனான். காணிக்காரியிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று நொத்தாரிசு அவனை வெளியே இருத்திவிட்டு விபரம் எடுத்தார். இன்றைக்குக் கையெழுத்து.

“பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்கம்மா போற?” யசோதினி தாயின் கையை விடாமல் கேட்டாள்.

“அண்ணன் சொல்றதச் செய் புள்ள. அடையாள அட்டையக் கையில எடு” என்றாள் புஸ்பம். பெற்ற தாயே கைவிட்டால் யாரிடம் போய் அழுவது?

உள்ளே நொத்தாரிசு வினாயகமூர்த்தி உறுதியை மேசையில் விரித்து வைத்திருந்தார். புஸ்பத்தின் அண்ணன் கந்தப்போடி முதல் சாட்சி. மருமகன் ரதீஸ் வானோடு தன் வீட்டு வாசலில் வந்து நின்றதால் மறுக்கத் தெரியாமல் ஏறி வந்த மனிதர்.

“சேர், கெதியா முடிப்பம். எங்க சைன் வைக்கிற எண்டு காட்டுங்க” என்றான் ரதீஸ்.

“தம்பி, கையெழுத்து கடைசி வேலை” என்றார் வினாயகமூர்த்தி. “அதுக்குக் கீழ நான் அத்தாட்சி எழுதோணும். உறுதிய வாசிச்சு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினன், அம்மாவும் ரெண்டு சாட்சியும் நானும் ஒரே நேரத்தில ஒண்டா இருந்து கையெழுத்து வெச்சம், சாட்சிகளுக்கு அவவ நல்லாத் தெரியும் எண்டெல்லாம் எழுதோணும். அதில ஒண்டு பொய்யெண்டாலும் என்ட வேலை போயிரும். முதல்ல சாட்சிகளப் பாப்பம்.”

“இதில பாக்க என்ன சேர் இரிக்கி? ஒராள் கூடப்பிறந்த அண்ணன், மற்றாள் பெத்த மகள். இதவிட ஆருக்கு அம்மாவத் தெரியும்?”

“பொம்புளப் பிள்ளையிட வீடு தம்பி இது. பாவம் சும்மா விடாது” என்று கந்தப்போடி முணுமுணுத்தார்.

“மாமா, நீங்க பேசாம இரிங்க.”

கந்தப்போடியின் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு, நொத்தாரிசு யசோதினியிடம் கையை நீட்டினார். அவள் அட்டையைக் கொடுத்தாள். மாப்பிள்ளையோடு ஏறிய படி, இரண்டு பிள்ளைகளும் பிறந்து வளர்ந்த அறை, புருசன் தோணி கட்டுகிற கரை, எல்லாம் இன்றோடு சரி. அதுவும் தன் கையெழுத்தாலேயே. வீடு போனால் போகட்டும், அம்மாவின் கடைசிக் காரியம் குறையில்லாமல் நடந்தால் போதும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு மேசையில் கிடந்த பேனையை எடுத்தாள்.

நொத்தாரிசு அட்டையையும் உறுதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்து பேனையை மெதுவாக வாங்கினார்.

“இவ சாட்சி வைக்க ஏலா.”

ரதீஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன் சேர்? வயசு காணாதா? எழுதப் படிக்கத் தெரியாதா? அவவே சம்மதிச்சு வந்திரிக்கா. இனி நான் ஆரப் போய்த் தேடுற?”

“சம்மதம் வேற, சட்டம் வேற தம்பி. வீடு ஆருக்கு எழுதியிருக்கோ, அவவே அந்த உறுதிக்குச் சாட்சி வைக்க ஏலா.”

ரதீஸ் எட்டி உறுதியைப் பார்த்தான். தங்கையின் பெயரைப் படித்ததும் அவன் முகம் கறுத்துப்போயிற்று. “அம்மா, கொள்ளிய மறந்திட்டியா?” என்றான்.

“செத்த பிறகு ஆர் கொள்ளி வைக்கிற எண்டு எனக்குத் தெரியவா போகுது மகன்?” என்ற புஸ்பம், சேலைத் தலைப்பால் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு நொத்தாரிசைப் பார்த்தாள்.

“ரெண்டாம் சாட்சிக்கு ஆள் தேட வேணாம் ஐயா. அதுக்குத்தான் மகனக் கூட்டி வந்திரிக்கன்.”