சிவப்பு லோரிக்குக் கம்பிரசர்

லகாட்டில் டயர் கடை நடத்தும் மாணிக்கம், லோரியில் பூட்டும் காற்றுக் கம்பிரசர் வாங்க ஈப்போவுக்கு வந்ததில் கடைக்காரன் யுகேந்திரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே, இனி நீங்களும் ரோட்டுல போயி டயர் மாத்தலாம். உங்க கஸ்டமர இழுக்குற அந்தச் செவப்பு லோரி காலி லா! அதுல இருக்கிறது பேட்டரி கம்பிரசர், பெரிய டயருக்குப் பாதியிலயே மூச்சு வாங்கும்."

"தெரியும். எஞ்சின் பெல்ட்டுல ஓடுறதா, டேங்க் பெருசா குடு."

"எந்த லோரியில பூட்டணும்?"

மாணிக்கம் வாசலைக் காட்டினார். அதே சிவப்பு லோரி நின்றது. ஸ்டியரிங்கில் ஓர் இளம்பெண்.

"என் மக தர்மினி. தனியா தொழில் பண்றேன்னு சண்ட போட்டுட்டுப் போனவ. நேத்து பீடோர் ரோட்டுல ஒரு பெரிய டயருக்குக் காத்து பத்தாம நின்னப்பதான், 'அப்பா'ன்னு போன் பண்ணா."