விழுந்த நேரம்

"பாப்பா எப்பம்மா விழுந்தா?" என்று கேட்டார் டாக்டர்.

"காலையிலதானுங்க. கட்டில்ல இருந்து விழுந்து, ஒரு வாந்தியும் எடுத்தா," என்றாள் கலைமணி.

லாரியில் முட்டை லோடு ஏற்றிப் போயிருந்த அவள் கணவன் செங்கோடன் காலையில்தான் ஊர் திரும்பியிருந்தான். "ஸ்கேன் எடுக்கோணுங்களா?" என்றான் கலவரத்தோடு.

"முதல்ல ரத்தம் பார்ப்போம். மூளையில அடிபட்டிருந்தா ரத்தமே காட்டிக் கொடுக்கும். சுத்தமா இருந்தா ஸ்கேன் வேண்டாம்."

மதியத்துக்குள் முடிவு வந்துவிட்டது. ரத்தம் சுத்தம்.

புதுச்சத்திரம் போகும் பஸ்ஸில், அம்மாவின் மடியிலேயே பாப்பா தூங்கிப்போனாள்.

"உங்கொப்பனாட்டக் கெட்டி மண்டை புள்ளைக்கு!" என்று சிரித்தான் செங்கோடன்.

கலைமணியும் சிரித்தாள்.

"நீ மருந்து வாங்கப் போனப்ப டாக்டரு சொன்னாரு," என்று தொடர்ந்தான் அவன். " நல்லவேளை, உடனே கொண்டாந்துட்டோமாமா. ஒரு ராத்திரி தாண்டியிருந்தா, அடி பட்டிருந்தாலும் அந்த டெஸ்டுல தெரியாதாமா. சுத்தம்னுதான் வருமாமா."

கலைமணியின் சிரிப்பு நின்றது. பாப்பாவின் கன்னத்தைத் தட்டினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். பாப்பா கண் திறக்கவில்லை.

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க!"

"ஏம் புள்ள, என்னாச்சு?"

"நேத்து நீங்க லோடுக்குப் போன பொறவு விழுந்தாளுங்க. போன தடவ காச்சலுக்கு லேட்டா வந்தோம்னு டாக்டரு அத்தன பேரு முன்னால திட்டி வஞ்சாருங்களே... அதுக்குப் பயந்துதானுங்க இன்னைக்குன்னு சொன்னேன்."