குறுக்கே ஒரு கோலம்

"வேணும்னே பண்றா, நீரஜா! இன்னிக்கு ரோடு வரைக்கும் இழுத்துட்டா!"

மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தார் ராஜகோபாலன். தலையில் மங்கி கேப், கழுத்தில் மஃப்ளர், உடம்பில் ஸ்வெட்டர். வெளியே இருபத்திரண்டு டிகிரி. சென்னைக்காரர் நடுங்க அது தாராளமாகப் போதும்.

"யாரு, என்னத்தை இழுத்தா?" என்றாள் மனைவி நீரஜா, காபியை ஆற்றிக்கொண்டே.

"பின் தெரு ஃப்ளாட்ல வாட்ச்மேன் பொண்டாட்டி ஜோதிலட்சுமி இருக்காளே, அவதான். கோலம் போடறேன்னு என் வழியையே மறிக்கறா!"

"மார்கழில கோலம் போடாம பின்ன கிரிக்கெட்டா ஆடுவா?"

ராஜகோபாலனின் கஷ்டம் அவருக்கு. "மார்கழி முடியறவரை ஒரு நாள் விடாம ஓடுங்க. தையில ரத்தம் எடுத்துப் பார்ப்போம். சர்க்கரை இறங்கலேன்னா மாத்திரைதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போன மார்கழியிலும் ஓடத்தான் கிளம்பினார். மூன்றாம் நாள் தூறல். நான்காம் நாள் முட்டி வலி. ஐந்தாம் நாள் ஷூ பரணுக்குப் போய்விட்டது. இந்த வருடம் மனிதர் அசரவில்லை. இன்றோடு இருபத்தோரு நாள், அபிராமபுரத்துக்குள் தினமும் நாலு கிலோமீட்டர்.

மழைக்குப் பிறகு சாலை குண்டும் குழியுமாகக் கிடந்ததால், ஓரத்து மழைநீர் வடிகால் மூடிகளின் மேல்தான் ஓடுவார். முதல் வாரம் நிம்மதியாகப் போனது. எட்டாம் நாள் மூடி மேல் குட்டியாக ஒரு கோலம். தாண்டிக் குதித்தார். மறுநாள் கோலம் இரண்டு மடங்கு. அப்புறம் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனது. அதைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கி ஏறுவதற்குள் கடிகாரத்தில் அரை நிமிடம் அம்பேல்.

"அவ்வளவு அவசரம்னா மிதிச்சுண்டு போங்கோளேன்."

"கோலத்தையா?" பதறிவிட்டார் ராஜகோபாலன். "நன்னா சொன்னே போ!"

அன்று சாயங்காலமே அந்த ஃப்ளாட்டின் செக்ரட்டரி ஆனந்தகுமாருக்கு போன் போட்டார்.

"பொது வழி சார் அது. ஓடறவா யாராவது வழுக்கி விழுந்து கால் போச்சுன்னா யார் பொறுப்பு?"

"நியாயம்தான் சார். கோலத்தை கேட்டுக்குள்ள போட்டுக்கச் சொல்லிடறேன்."

மறுநாள் விடிகாலை. தெரு முனையிலேயே பார்த்துவிட்டார். வடிகால் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. கோலம் சமர்த்தாக கேட்டுக்குள் அடங்கியிருந்தது. உலகக் கோப்பையே வென்றுவிட்ட சந்தோஷத்தில் வேகத்தைக் கூட்டினார்.

நாலு எட்டு வைப்பதற்குள் சடாரென்று நிற்க வேண்டியதாயிற்று.

அதே இடத்துக்கு முன்னால், வடிகால் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பனியில் வெடவெடத்தபடி ஜோதிலட்சுமி.

காதில் ஓடிக்கொண்டிருந்த உபன்யாசத்தைப் பிடுங்கி எடுத்தார் ராஜகோபாலன்.

"ஏம்மா, கோலம் போய் இப்போ நாற்காலியா? உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்?"

"அப்பாடா! இன்னிக்காச்சும் நின்னீங்களே சார்" என்று எழுந்தாள் அவள். "வெளிய கோலம் போடக் கூடாதுன்னு செக்ரட்டரி சார் சொல்லிட்டாரு. ஓடுறவங்க விழுந்துடுவாங்கன்னு எவனோ கம்ப்ளைன்ட் குடுத்துக்கீறான். அதான் நானே வந்து குந்திக்கினேன்."

அந்த 'எவனோ' மங்கி கேப்பைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எதுக்கு குந்தணும்?"

ஜோதிலட்சுமி நாற்காலியை நகர்த்திவிட்டு, பின்னாலிருந்த மூடியை விளக்குமாற்றுக் கட்டையால் லேசாக அழுத்தினாள். மூடி 'டக்'கென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே ஓர் ஆள் ஆழத்தில் கறுப்பாகத் தண்ணீர்.

"தண்ணி லாரி ஏறி ஒடஞ்சி ரெண்டு வாரம் ஆச்சு சார். மேல பாத்தா ஒண்ணுந் தெரியாது. பொங்கல் கழிச்சு மாத்திக்கலாம்னு செக்ரட்டரி சார் சொல்லிட்டாரு."

ராஜகோபாலன் இரண்டடி பின்னால் நகர்ந்து, குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். இந்தக் கால் உள்ளே போயிருந்தால் மாத்திரையாவது, ஓட்டமாவது!

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"தெனம் கத்திக்கினுதான் கீறேன். நீங்க 'குட்மார்னிங்'னு கைய ஆட்டிக்கினே பூட்றீங்க."

"ஒரு கல்லையாவது வெச்சிருக்கலாமே?"

"வெச்சேன். கார் நிறுத்த எடம் வேணும்னு எடுத்துப் போட்டுட்டாங்க. வேப்பங்கிளை சொருகி வெச்சேன். மாடு துன்னுட்டுப் போச்சு."

"அப்போ அந்தக் கோலம்...?"

"இன்னா சார் பண்றது? நான் கத்துறது உங்க காதுல ஏறல. ஆனா என் கோலத்த மட்டும் நீங்க மிதிக்கவே மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."