ஐயாவை விடுங்கள்

“பத்து மணிக்குள்ள எங்க ஐயாவ வெளிய விடலேன்னா, துளசி பாட ஆரம்பிச்சிருவா. அப்புறம் எங்களக் குத்தம் சொல்லக் கூடாது!”

இராணுவ முகாமின் வாசலில் நின்று மங்களம் கத்தினாள். அவளுக்குப் பின்னால் துளசியும், தோட்டத்து லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும். அவர்கள் கையில், ‘தவம் இருப்பது குற்றமா?’ என்று எழுதிய அட்டை. முன்னால் ஓர் இரும்புக் கதவு, ஒரு சிப்பாய். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் துளசி தொண்டையைச் செருமியதும் உள்ளே ஓடினான்.

மங்களத்துக்கு இது தலை போகிற காரியம். மாலையில் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மாலை மாற்றும் விழா. “கண்ட கண்ட ஐயாவையெல்லாம் கும்பிட்டா கோயில் பக்கம் வராதீங்க” என்று கோயில் கமிட்டித் தலைவர் தனேஸ்வரன் சொன்ன அன்றே மங்களத்தின் கூட்டம் தனியாகப் பிரிந்துவிட்டது. வீம்புக்கு அதே தனேஸ்வரனை விழாவுக்கு அழைத்திருந்தாள். மாப்பிள்ளை இல்லாமல் மேடை காலியாகக் கிடந்தால், அவர் சிரிக்கும் சிரிப்பு ஜெலாப்பாங் வரைக்கும் கேட்கும்.

ஐயாவை முதலில் கண்டது அவள் கணவன் ராமையா. பழைய ரப்பர் தோட்டத்து எல்லையில், மழையில் நனைந்து, இடுப்புவரை மண் மூடி, அசையாமல் இருந்தார். கொஞ்சம் தள்ளி அம்மா. அதற்குப் பிறகு எல்லாம் நல்லதாகவே நடந்தது. துளசியின் மகனுக்குச் சித்தியவானில் வேலை கிடைத்தது. மங்களத்தின் முட்டி வலி போனது.

இன்று விடிந்ததும் விடியாததுமாகச் சிப்பாய்கள் வந்தார்கள். நாலு பேர் சேர்ந்து ஐயாவைத் தூக்கி, மெத்தை விரித்த லோரியில் படுக்க வைத்தார்கள். கழுத்து மாலையைக்கூடக் கழற்றவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று மங்களமே ஒரு நிமிடம் நினைத்தாள்.

அப்புறம் அம்மாவைத் தேடி வீடு வீடாகப் புகுந்தார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள். துளசி வீட்டு ஐஸ் பெட்டியில் இருந்த மீனைக்கூட விடவில்லை. அம்மா அகப்படவில்லை. லோரிச் சத்தம் கேட்டதுமே மங்களம் ஓடிப்போய் அம்மாவை ஒளித்துவிட்டாள். எங்கே என்று புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வாயில் எதுவும் நிற்காது.

கைப்பேசி அடித்தது. ராமையாதான்.

“மங்களம், பாயாசத்துக்கு நேரமாச்சு. நீயே எல்லாம் போட்டு மூடி வச்சிட்டபோல, அடுப்ப...”

“இங்க போராட்டம் நடக்குது, உங்களுக்குப் பாயாசமா? ஒரு அடுப்ப பத்த வைக்கக்கூட நான்தான் வரணுமா?”

பேச்சைத் துண்டித்தாள். முகாமின் கதவு திறந்துகொண்டிருந்தது.

வந்தவர் இளைஞர். சட்டையில் ஹரிஷாந் என்று பெயர். கேப்டன்.

“அக்கா, நாங்கள் ஒருத்தரையும் கைது செய்யேல்ல.”

“சிலோன் தமிழ்ல தேன் மாதிரி பேசுனா விட்டுருவோமா தம்பி? வாரண்ட் எங்க?”

“வாரண்ட் எடுக்கிற அளவுக்கு நேரம் இல்லை அக்கா.”

“கேட்டுக்கிட்டீங்களா? அவரே ஒத்துக்கிட்டாரு! சட்டம் கிட்டம் ஒன்னும் இல்லாமத்தான் தூக்கியிருக்காங்க!”

துளசி முன்னால் வந்தாள். “ஐயாவ அடிச்சீங்களா?”

“ஐயோ, அடிக்கிறதா! அவருக்குப் பக்கத்தில நிண்டு இருமக்கூட எங்கட ஆக்களுக்குப் பயம்.”

கூட்டத்தினர் பெருமையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதான் லா ஐயாவோட சக்தி” என்றாள் மங்களம். “காலையில சுருட்டு குடுத்தீங்களா? பத்த வச்சு முன்னால வைக்கணும். ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறுனது இல்ல.”

ஹரிஷாந் தொப்பியைக் கழற்றினார். “பத்த வைச்சா?”

“பின்ன, பச்சையாவா வைப்பாங்க? வெள்ளிக்கிழமைன்னா சூடமும் உண்டு. நல்லா கிட்டத்துல.”

அவர் காவல்காரனின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது. மங்களத்துக்குப் பாவமாக இருந்தது. ஐயாவின் மகிமை சிலருக்கு இப்படித்தான், தாமதமாகத் தெரியும்.

“மணி பத்து, அக்கா” என்றாள் துளசி. கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.

“வேண்டாம்! வேண்டாம்!” கேப்டன் துள்ளி எழுந்தார். “சத்தம் போடாதேங்கோ. சொல்லுறன். உங்கட ஐயா, சண்டைக் காலத்தில ஜப்பான்காரன் போட்ட குண்டு அக்கா. இன்னும் வெடிக்கேல்ல. அதுக்குப் பக்கத்தில சின்னனா இன்னொரு குண்டு இருந்த தடமும் தெரியுது. அதைத்தான் வீடு வீடாத் தேடினாங்கள். அதில சூடு மட்டும் படக் கூடாது.”

துளசி திறந்த வாயை மூடவில்லை. அட்டை யார் கையிலிருந்தோ நழுவி விழுந்தது.

மங்களம் கைப்பேசியை எடுத்தாள். மறுமுனையில் மணி அடித்தது, அடித்தது, பிறகு ராமையா எடுத்தார்.

“என்னங்க, அம்மா அந்தப் பாயாச அண்டாவுக்குள்ளதான் இருக்காங்க, அடுப்ப பத்த வச்சிட்டீங்களா?”