தாட்பூட் கொடி

“பேருதான் தாட்பூட் பழமுங்க. பழத்தையும் காணோம், காயையும் காணோம். கொடி மட்டும் தாட்பூட்டுன்னு செவுத்து மேல ஏறி நிக்குது பாருங்க” என்றார் வீட்டுக்காரர் ஆறுச்சாமி, பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டபடி.

ரியாஸ் சிரித்துக்கொண்டே சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் மாடிப்படியோரக் கொடியின் பூவைத் தொட்டான். ஒட்டிக்கொண்ட மகரந்தத்தைச் சிந்தாமல் கொண்டுபோய், கேட் பக்கத்துக் கொடியில் விரிந்திருந்த பூவின் நடுவே, மூன்று கிளையாகப் பிரிந்த பச்சை முனைகளில் தடவினான். ஒரே கொடியின் மகரந்தம் அதே கொடிக்கு ஆகாது. இன்னொரு கொடியிலிருந்துதான் வர வேண்டும். கருவண்டு செய்கிற வேலை. சிங்காநல்லூரின் அந்தச் சந்தில் கருவண்டைப் பார்த்தவர் யாருமில்லை. அதனால் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் ரியாஸ், போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, வண்டு வேலையைத் தானே ஏற்றுக்கொண்டிருந்தான்.

“நாலே நாலு காய் புடிச்சாப் போதுங்க. ஒத்தை ஆளுக்கு அதுக்கு மேல எதுக்கு? அப்புறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டனுங்க” என்று முதல் நாளே சொல்லியிருந்தார் ஆறுச்சாமி.

பூ உச்சி வெயிலில்தான் விரியும், பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும். பம்ப்செட் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து படுக்கும் ரியாஸ் கண் விழிப்பதும் அப்போதுதான். அறையில் இன்னும் இரண்டு பேர் உண்டு. இருவருக்கும் பகல் ஷிஃப்ட். அவர்கள் உள்ளே வரும்போது இவன் வெளியே கிளம்புவான். பரமக்குடியிலிருந்து வந்த இத்தனை மாதத்தில் அவர்களைவிட, துணிக்கயிற்றில் தொங்கும் அவர்களுடைய ஈரத் துண்டுகளைத்தான் அவனுக்கு நன்றாகத் தெரியும். கம்பெனியிலோ மெஷின் சத்தத்தில் காதை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அம்மா போன் செய்யும்போதெல்லாம், பேச்சுத் துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்பாள். “வீட்டுக்கார ஐயா இருக்காரும்மா. தினம் அவருகூடப் பேசிக்கிட்டுதான் இருப்பேன்” என்பான். அந்த ஒரு பதிலைப் பொய்யில்லாமல் சொல்ல முடிவது இந்த மத்தியான நேரத்தால்தான்.

ஆறுச்சாமி பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். விற்றுவிட்ட லேத் பட்டறையைப் பற்றி, கேஸ் சிலிண்டர்காரரோடு வாரந்தவறாமல் சண்டை போட்ட மறைந்த மனைவியைப் பற்றி, புனேயில் மகள் வீட்டில் கேரட் தின்னும் நாயைப் பற்றி. ரியாஸ் அந்த நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பான்.

இன்று அவர் சொன்னார்: “ராத்திரி பூரா வேலை செஞ்சுபோட்டு வாரீங்க. உங்க தூக்கத்தக் கெடுத்து இந்தக் கொடிக்கு வைத்தியம் பாத்துட்டு இருக்கறோம். இந்தத் தடவையும் புடிக்கலீன்னா வேரோட வெட்டிப்போடலாங்க.”

பிரஷ் அப்படியே நின்றது.

“எனக்கு ஒரு சிரமமும் இல்லங்கய்யா.”

“உங்களுக்கு இருக்காதுங்க. எனக்குத்தான் சங்கட்டமா இருக்குது.”

ரியாஸ் வழக்கம்போலக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். வழக்கம்போல அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும், கேட் பக்கத்துக் கொடியில் ஓர் அகலமான இலையைத் தூக்கினான். அதன் பின்னால் பட்டாணி அளவில் பச்சைப் பிஞ்சுகள், தொட்டால் வழுக்கும் பளபளப்போடு, கணுவுக்கு ஒன்றாக நின்றன. இத்தனை நாளும், அவர் தண்ணீரோடு திரும்பி வருவதற்குள், இப்படிப் பிடித்த பிஞ்சுகளெல்லாம் அவன் சட்டைப் பைக்குள் போயிருந்தன. நாலு காய் பிடித்துவிட்டால் மத்தியானங்களுக்கு அவன் எங்கே போவான்?

இன்று விரல் காம்பு வரை போனது. கிள்ளினால் கொடியை வெட்டிவிடுவார். விட்டால் கொடியாவது மிஞ்சும். அவருக்கு நாலு பழம் கிடைக்கும். அந்த மனிதரை இதற்கு மேல் ஏமாற்றவும் அவனுக்கு மனம் வரவில்லை. இலையைப் பழையபடி மூடிவிட்டு, அவர் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு மாடிக்குப் போனான்.

ஷிஃப்ட் முழுக்க அவன் மனதுக்குள் ஒத்திகைதான். ஐயா, இந்த இலையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க என்று சொல்ல வேண்டும். அவர் குனிந்து பார்த்துச் சிரிக்கும்போது தானும் ஆச்சரியப்பட்டதுபோலச் சிரிக்க வேண்டும். அப்புறம் மகளுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் என்ன என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் இறங்கி வந்தான். ஆறுச்சாமி ஏற்கெனவே கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ரியாஸ் பேச்சைத் தொடங்கிக்கொண்டே இலையைத் தூக்கினான்.

பிஞ்சு ஒன்றுகூட இல்லை. கிள்ளிய காம்புகளில் ஈரம் மட்டும் கசிந்துகொண்டிருந்தது.

“இன்னைக்கும் ஒண்ணையும் காணோமுங்க கண்ணு. போனாப் போவுது, வெட்டறதுக்கு என்ன அவசரம், நாளைக்கும் வந்து இன்னொருக்காத் தொட்டு வெச்சுப் பாருங்க” என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்ன ஆறுச்சாமியின் கட்டைவிரல் நகத்தில் பச்சைச் சாறு இன்னும் காயவில்லை.