எதிர்ச் சுவரில் ஒரு கொம்பு

அமெரிக்கச் சீமையில், ரயில் புதுசாக ஓடத் தொடங்கிய காலத்தில், ஹார்லன் என்று ஓர் ஆளுநர் இருந்தார். அவர் அறையில் ஒரு சுவரில் வேட்டைத் துப்பாக்கி தொங்கியது. எதிர்ச் சுவரில், அது சுட்டு வீழ்த்திய கலைமானின் தலை. பல வருஷமாக நேருக்கு நேர் தொங்கியும் இரண்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதைப் பேச?

ஒருநாள் ஆளுநர், வடக்குக் காட்டில் இனி யாரும் வேட்டையாடக் கூடாதென்று ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். துப்பாக்கிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாண்ணே! உன் முகத்தைப் பாத்துக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டாரு. உன்னைக் கொன்ன பாவம் அவரு மனசை அறுத்திருக்கு. என் பழியும் இன்னையோட தீந்துச்சு."



கூட்டம் கலைந்த பிறகு ஆளுநரின் நண்பர் மட்டும் நின்று, டேப்பை எடுத்து மானின் கொம்பை அளந்தார்.

"வடக்குக் காட்டுலயே பெரிய கொம்பு இதுதான் போலிருக்கே!"

"இனிமே என்னைக்கும் இதுதான்," என்று ஆளுநர் கண்ணடித்தார். "இதைவிடப் பெருசா எவன் சுட்டுக் கொண்டாந்துருவான்? அதுக்குத்தானேய்யா சட்டம்!"

இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். துப்பாக்கிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அண்ணே... நான் என்னமோ நெனச்சு..."

"போகட்டும் விடு தம்பி," என்றது மான். "எப்படியோ, என் பிள்ளைங்க பொழச்சுக்கும்."

நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று பார்த்தது துப்பாக்கி. சுவரில் அடித்திருந்த ஆணிகள் விடவில்லை.