மார்சியின் மகள் பாடிய உச்சஸ்வரம்

"லோர்ணா, கையக் குடுடி. எனக்கு நெஞ்சு படபடங்குது" என்றாள் மார்சி.

லோர்ணா கையைக் கொடுத்தாள். மேடையில் மார்சியின் மகள் பிரின் கடைசிப் பாட்டைத் தொடங்கியிருந்தாள்.

இரண்டு நாளாகப் பிரின்னுக்குத் தொண்டைக் கட்டு. தேன், இஞ்சி, உப்புத் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. பேச்சு திரும்பிவிட்டது. பாட்டு பாதிதான் திரும்பியிருந்தது.

அயோவாவின் அந்தச் சிற்றூரில் பள்ளிக்கூடத்தில் பிராட்வே இசை நாடகம் என்றால் கடைகண்ணிகூடச் சீக்கிரம் அடைத்துவிடும். லோர்ணாவும் மார்சியும் படித்த காலத்திலேயே இதே மேடையில் போட்ட பழைய நாடகம். அரங்கில் பாதிப் பேருக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். இந்தப் பாட்டின் முடிவில் வரும் உச்சஸ்வரத்தைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

மாலையில், பள்ளியில் நாடகம் சொல்லித்தரும் ஆசிரியர் கெல்லர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்று பிரின் அதை எட்டினால் நாளைய கடைசிக் காட்சியும் அவளுக்கே. எட்டாவிட்டால் டெசாவுக்கு.

டெசா லோர்ணாவின் மகள். மாற்று நாயகி. நாயகியின் பாட்டு, வசனம் அத்தனையும் படித்துவிட்டு, காட்சியன்று கறுப்பு உடையில் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் மைக் முன்னால் நிற்பவள். கூட்டப் பாட்டு மெலிந்து கேட்காமலிருக்க, அங்கிருந்து நாலைந்து பேர் சேர்ந்து பாடுவார்கள். முகமும் தெரியாது, பேரும் தெரியாது. தனிப் பாட்டு வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடமாக லோர்ணா முன்வரிசையில் உட்கார்ந்து, மகளைப் பார்க்காமலேயே வீடு திரும்பியிருக்கிறாள்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். லோர்ணா அந்தக் கட்சி இல்லை. மார்சியின் கையைப் பிடித்துக்கொண்டே, அவள் மகளின் குரல் உடைய வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் சரணம் தப்பித்தது. இரண்டாவதில் பிரின்னின் குரல் கம்மியது. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். பியானோவிலிருந்த கெல்லர் வேகத்தைக் குறைத்து, அவளுக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தார். மார்சியின் நகம் லோர்ணாவின் உள்ளங்கையில் இறங்கியது.

போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தாள் லோர்ணா. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிரின் வாயைத் திறந்தாள். பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஸ்வரம் வந்தது. பிசிறில்லாமல் எழுந்து, அரங்கத்தின் கூரை வரை போய் அங்கேயே நின்றது.

மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. கெல்லர் பிரின்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எல்லா மைக்கும் ஒரே ஒலிபெருக்கியில்தான் பேசும். அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

லோர்ணாவால் மட்டும் எழ முடியவில்லை.

தினமும் குளியலறைக் கதவைத் தாண்டி வந்து, பள்ளிப் பேருந்தைத் தவறவிடவைக்கும் குரல். பெற்றவளுக்குத் தெரியாதா? அது டெசா.

"கேட்டியாடி? எம்பொண்ணு கொரலக் கேட்டியா?" மார்சி அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள்.

உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைய மேடை டெசாவுக்கு. பைத்தியக்காரி, கைக்கு வந்ததை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா என்று மகளை மனசுக்குள் திட்டினாள். திட்டத் திட்ட, தான் வேண்டிக்கொண்டது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"கேட்டேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு எழுந்தாள். மேடை நடுவில் பிரின் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள். ஊரே அவளைப் பார்த்துக் கைதட்டியது. லோர்ணா இடப்பக்கத் திரையைப் பார்த்து, உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள்.